கேபிள்காரர் நெட்டா, டெலிபோன் கம்பெனி நெட்டா? வீட்டு இன்டர்நெட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

தெருமுனை ஈ.பி. கம்பத்தில் ஒரு போர்டு தொங்கும். ‘அன்லிமிடெட் ஃபைபர் நெட், மாதம் 399 மட்டுமே.’ அன்றைக்கே ஏதோ ஒரு பெரிய கம்பெனியிலிருந்து போன் வரும். ‘சார், உங்க ஏரியாவுக்கு ஃபைபர் வந்தாச்சு, இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ.’ சாயங்காலம் மாதச் சந்தா வாங்க வரும் கேபிள்காரர் தன் பங்குக்கு, ‘நம்மகிட்டயே நெட் இருக்கேம்மா, எதுக்கு வெளிய எடுக்குறீங்க?’ என்பார். போதாக்குறைக்கு, ‘கேபிளே வேணாம், மொட்டைமாடியில சின்ன ஆன்டெனா வெச்சா போதும்’ என்று நாலாவதாக ஒருவர்.

நால்வரும் சொல்வது ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே விலை. அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது?

‘நெட்தானே, ஏதோ ஒண்ணு இருந்தா சரி’ என்று விட்டுவிடும் விஷயமாக இது இப்போது இல்லை. 2020 மார்ச்சில் லாக்டௌன் வந்தபோது ஹாலுக்குள் நுழைந்த ஆபீஸும் பள்ளிக்கூடமும் முழுசாக வெளியே போகவில்லை. இன்டர்வியூ வீட்டிலிருந்து, டாக்டர் கன்சல்டேஷன் வீட்டிலிருந்து, போட்டித் தேர்வுக்கான கோச்சிங் வீட்டிலிருந்து. நெட் போனால் சீரியல் மட்டும் போவதில்லை, சிலருக்கு அன்றைய சம்பளமே போகிறது.

அதனால் விளம்பரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒயர் எப்படி வேலை செய்கிறது, உங்கள் தெருவில் அதை யார் பராமரிக்கிறார் என்று பார்ப்போம். முடிவு அங்கேதான் இருக்கிறது.

செம்புக் கம்பியின் காலம்

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் ‘டேட்டா ஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்தது. அதற்கு முன் நெட் போட்டால் வீட்டு போன் எங்கேஜ்டு ஆகிவிடும். டி.எஸ்.எல். தொழில்நுட்பம் வந்த பிறகு அதே டெலிபோன் ஒயரில் பேச்சும் நெட்டும் ஒரே நேரத்தில் ஓடின. போனுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வெள்ளை டப்பா மாட்டிவிட்டுப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? பேச்சையும் டேட்டாவையும் பிரித்துக்கொடுத்தது அதுதான்.

அப்போது அரசின் கணக்கில் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். 2013-ல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். இன்றைக்குத் தெருவில் 100 மெகாபிட் கூவி விற்கிறார்கள். சட்டம் கேட்பதோ இன்னமும் வெறும் 2!

டி.எஸ்.எல்-லில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் அந்த ஜோடிக் கம்பி உங்களுக்கு மட்டுமே சொந்தம். பக்கத்து வீட்டில் படம் பார்த்தால் உங்கள் கம்பியில் நெரிசல் வராது. ஆனால் தூரம்தான் எதிரி. எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்ல வேகம். நான்கு, ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் சிக்னல் தேய்ந்துபோகும். சாதா ஏ.டி.எஸ்.எல்-லுக்கு அதிகபட்சம் 8 மெகாபிட், அதன் அடுத்த வடிவத்துக்கு 24 மெகாபிட் என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கான கணக்கு. மழை பெய்து ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் போனில் கொரகொர சத்தம், நெட்டும் அவுட்.

இன்றைக்கும் உங்கள் வீட்டில் செம்புக் கம்பி பிராட்பேண்ட் ஓடுகிறது என்றால், செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் ஏரியா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய், பழைய நம்பரை வைத்துக்கொண்டே ஃபைபருக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ‘அப்பா காலத்து நம்பர், விட மனசில்ல’ என்று தயங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேண்ட்லைன் போனுக்குக் கரன்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரன்ட் போனாலும் டயல் டோன் இருக்கும். ஃபைபரில் அது கிடையாது. மோடத்துக்குக் கரன்ட் இல்லை என்றால் போனும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

கேபிள்காரர் கொடுப்பது எந்த ஒயர்?

டி.வி. கேபிள் வழியாக நெட் கொடுக்கும் முறை வேறு மாதிரி. அந்த ஒயர் தடிமனானது, அதிக டேட்டா தாங்கும். ஆனால் ஒரே ஒயரைத் தெருவே பகிர்ந்துகொள்ளும். காலை 11 மணிக்குப் பறக்கும் நெட், ராத்திரி 9 மணிக்கு எல்லா வீட்டிலும் ஐ.பி.எல். ஓடும்போது நத்தையாகும். டி.எஸ்.எல்-லுக்குத் தூரம் எதிரி என்றால், கேபிளுக்குக் கூட்டம் எதிரி.

இதெல்லாம் பழைய கணக்கு. இப்போது உங்கள் கேபிள்காரர் ‘ஃபைபர் நெட்’ என்று சொல்லும்போது அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

முதல் வகை, கண்ணாடி இழை வீட்டுக்குள் மோடம் வரை வருவது. ஒயர் மெலிசாக இருக்கும். மோடத்தில் சேரும் இடத்தில் பச்சை அல்லது நீல நிறத்தில் குட்டி முனை இருக்கும்.

இரண்டாவது வகை, இழை தெருவில் ஏதோ ஒரு மாடி வரைதான் வரும். அங்கே ஒரு சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரில் செருகும் அதே லேன் ஒயரை மாடி மாடியாக இழுத்திருப்பார்கள். அந்த ஒயருக்குள் இருப்பது மறுபடியும் செம்பு!

இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். இரண்டு நேரங்களில் மட்டும் நன்றாகத் தெரியும். ஒன்று, இடி மின்னல். செம்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்தில் இடி இறங்கினால் மாடியில் கிடக்கும் லேன் ஒயர் வழியாக ரவுட்டர் போர்ட் புகைந்துவிடும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டாவது, பவர் கட். மாடியில் இருக்கும் அந்த சுவிட்ச் பெட்டிக்கும் கரன்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் நெட் மட்டும் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பெட்டி இருக்கும் வீட்டில் கரன்ட் இல்லை.

முழு ஃபைபரில் வழியில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரன்டே தேவையில்லை, ஒளியைப் பிரித்து அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. ஆபரேட்டரின் கன்ட்ரோல் ரூமில் பேக்கப் இருந்து, உங்கள் மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்கி மாட்டிவிட்டால் பவர் கட்டிலும் மீட்டிங் ஓடும்.

அதனால் கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேகம் பற்றியது இல்லை. ‘அண்ணே, வீட்டுக்குள்ள வர்றது ஃபைபரா, லேன் ஒயரா?’

ஆன்டெனா நெட் யாருக்கு?

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1-ல் தொடங்கியது. அடுத்த வருடமே அதை வீட்டு நெட்டாக மாற்றி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 2023 ஆகஸ்ட்டில் ஏர்டெல் டெல்லி, மும்பையில் ஏர்ஃபைபரைத் தொடங்கியது. செப்டம்பரில் ஜியோ எட்டு நகரங்களில் கொண்டுவந்தது, அதில் சென்னையும் ஒன்று.

பெயரில் ‘ஃபைபர்’ இருக்கிறதே தவிர, உங்கள் வீட்டுக்கு வருவது காற்று வழி சிக்னல். மொட்டைமாடி ஆன்டெனா செல்போன் டவரோடு பேசுகிறது. அந்த டவர் அதே நேரத்தில் தெருவில் இருக்கும் நூற்றுக்கணக்கான மொபைல்களோடும் பேசுகிறது. மறுபடியும் பங்கு போடும் கதைதான்.

இது மோசம் என்று சொல்ல வரவில்லை. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் விடவில்லை, தெருவில் ஃபைபரே வரவில்லை என்றால் இதுதான் நல்ல வழி. ரோட்டைத் தோண்டும் ஜே.சி.பி. இந்த ஒயரை வெட்ட முடியாது என்பது கூடுதல் லாபம். ஆனால் ‘அன்லிமிடெட்’ என்பதன் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3300 ஜி.பி. என்றால், ஏர்ஃபைபரில் 1000 ஜி.பி. அளவில்தான் இருக்கும். நாலு பேர் வீட்டுக்கு அதுவே தாராளம். கடையோ, ஹாஸ்டலோ நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும்.

அளவு தீர்ந்ததும் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்கள். 512 கிலோபிட்டுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-லேயே சொல்லியிருக்கிறது. 512 கிலோபிட்டில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும். வீடியோ கால் நிற்கும்.

எத்தனை ‘எம்.பி.பி.எஸ்’ வேணும்?

டாக்டர் படிப்பைக் கேட்கவில்லை. நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஃபைல் அளவு மெகாபைட்டில், நெட் வேகம் மெகாபிட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 100 மெகாபிட் கனெக்‌ஷனில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். ‘நூறுன்னு சொல்லிட்டு பன்னெண்டுதான் வருது’ என்று கேபிள்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒரு சராசரி வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அம்மா ஹாலில் டி.வி-யில் ஓ.டி.டி. படம் பார்க்கிறார், 5 மெகாபிட். மகன் ரூமில் ஆபீஸ் வீடியோ கால், 4 மெகாபிட். மகள் ஆன்லைன் கிளாஸ், இன்னொரு 4. அப்பா மொபைலில் யூடியூப், 5. எல்லாம் சேர்ந்து 18. ரெண்டு போன் அப்டேட் ஆகிறது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தால்கூட 30-ஐத் தாண்டாது. 4கே டி.வி. இருந்தால் அதற்கு மட்டும் ஒரு 15 ஒதுக்குங்கள்.

அதாவது 50 மெகாபிட் ஒழுங்காக வந்தால் நாலு பேர் குடும்பத்துக்குப் போதும். 300 வாங்கி 40 வருவதைவிட, 50 வாங்கி 50 வருவது மேல்.

எல்லோரும் பார்க்க மறக்கும் இன்னொரு எண், அப்லோடு வேகம். பழைய டி.எஸ்.எல்., பழைய கேபிள் இரண்டிலுமே இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் குறைவு. வீடியோ காலில் உங்களுக்கு எல்லார் முகமும் பளிச்சென்று தெரியும், மற்றவர்களுக்கு உங்கள் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். காரணம் இதுதான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் ‘அப்லோடும் அதே ஸ்பீடா?’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

நெட் ஸ்லோ என்று புகார் சொல்லும் முன் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒயர் எங்கே வருகிறதோ அங்கேயே, டி.வி-க்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பீரோவும் கான்கிரீட் சுவரும் வைஃபைக்கு ஆகாது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். ரவுட்டரில் இரண்டு பெயர்கள் தெரிந்தால், பக்கத்தில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டி இருக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் நிலையானது.

நீங்கள் வாங்குவது வேகத்தையா, ரிப்பேரையா?

உண்மையான வித்தியாசம் இங்கேதான்.

‘99 சதவிகிதம் நெட் இருக்கும்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் ஒரு சதவிகிதம் என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். அந்த ஏழு மணி நேரம் ஞாயிறு விடியற்காலையில் போனால் யாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை ஆபீஸ் நேரத்தில் போனால்?

“அண்ணே, நேத்து சாயங்காலத்துல இருந்து நெட் இல்லண்ணே.”

“ஏரியா ஃபுல்லா ஃபால்ட்டும்மா. மெயின் ரோட்டுல கேபிள் கட்டு. பையனை அனுப்பியிருக்கேன்.”

இந்த உரையாடல் தமிழ்நாட்டில் தினமும் நடக்கிறது. ஆனால் இதில் ஒரு நல்லது இருக்கிறது. போனை எடுக்க ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கு உங்கள் வீடு தெரியும், கம்பம் தெரியும். நன்றாகத் தொழில் செய்யும் லோக்கல் ஆபரேட்டர் மூன்று மணி நேரத்தில் ஜாயின்ட் அடித்துவிடுவார். பெரிய கம்பெனியில் முதலில் ஆப், அப்புறம் சாட், அப்புறம் ‘24 மணி நேரத்தில் எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார்’ என்று மெசேஜ்.

நேரெதிராகவும் நடக்கும். போனையே எடுக்காத கேபிள்காரர் உண்டு. மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பும் கம்பெனியும் உண்டு. பிராண்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஏனென்றால் பிராண்ட் ஒன்று, ஒயர் இழுப்பவர் வேறொருவர் என்பதுதான் இன்றைய நிலைமை. பி.எஸ்.என்.எல். ஃபைபரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் லோக்கல் கேபிள் ஆபரேட்டர்களோடு வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில்தான் கனெக்‌ஷன் தரப்படுகிறது. பில் அரசு நிறுவனத்துடையது. ஏணியோடு வருபவர் உங்கள் தெரு அண்ணன்!

அதனால்தான் ஊரிலேயே சிறந்த நெட் எது என்று இணையத்தில் தேடுவதில் பலன் குறைவு. அம்பத்தூரில் அருமையாக இருக்கும் கம்பெனி, ஆலந்தூரில் அழுதுகொண்டிருக்கலாம். உங்கள் தெருவில் மூன்று வீட்டில் கேளுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘பரவால்ல’ என்பார்கள். ‘கடைசியா எப்போ கட் ஆச்சு? எத்தனை நேரத்துல வந்தாங்க?’ என்று கேளுங்கள். முடிந்தால் ராத்திரி எட்டரை மணிக்கு அவர்கள் வீட்டு வைஃபையில் உங்கள் லேப்டாப்பைப் போட்டு ஆபீஸ் வி.பி.என். திறந்து பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட்டில் 100 காட்டும், யூடியூப் பறக்கும், ஆனால் ஆபீஸ் சர்வர் மட்டும் திணறும். யூடியூப் போன்றவை ஆபரேட்டருக்குப் பக்கத்திலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ஆபீஸ் சர்வருக்குப் போகும் வழியில் அவர் குறைவாக வாங்கி வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

399 எப்போது 471 ஆகிறது?

விளம்பர விலையில் ஜி.எஸ்.டி. சேர்க்கப்பட்டிருக்காது. 18 சதவிகிதம் சேர்த்தால் 399 ரூபாய் 470.82 ஆகும், 499 ரூபாய் 588.82. அதோடு முடியாது. ரவுட்டர் இலவசமா, டெபாசிட்டா, வாடகையா? டெபாசிட் என்றால் எப்போது திரும்பக் கிடைக்கும்? இன்ஸ்டாலேஷன் ‘ஃப்ரீ’ என்பது ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டினால் மட்டுமா?

வருடக் கட்டணத்தில் இரண்டு மாதம் இலவசம் என்பது ஆசை காட்டும். ஆனால் புதுக் கனெக்‌ஷனுக்கு முதல் மாதமே ஒரு வருடத்துக்குக் கட்டாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ‘அடுத்த மாசம் மாத்திடுவேன்’ என்பதுதான். வருடப் பணத்தைக் கட்டிவிட்டால் அதுவும் போய்விடும். மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு பெருமழை வந்துபோனால் இன்னும் நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் எத்தனையோ வீடுகளில் கரன்ட்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. எந்த நெட் எப்போது திரும்பி வந்தது என்று அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்கள்.

புகார் நம்பர் வாங்கினீர்களா?

‘நெட் போனா என்ன பண்ண முடியும், காத்திருக்க வேண்டியதுதான்’ என்பது தப்பு. டிராய் கொண்டுவந்த புதிய சேவைத் தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பணம் கட்டியபின் 7 நாட்களுக்குள் பிராட்பேண்ட் கனெக்‌ஷன் கொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ள அளவுகோல். பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும், பிரீபெய்டாக இருந்தாலும்.

இதைக் கேட்டு வாங்க உங்களிடம் ஆதாரம் வேண்டும். கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் ‘நெட் இல்ல அண்ணே’ என்று அனுப்புவது புகார் ஆகாது. நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் பதிந்து புகார் எண் வாங்க வேண்டும். தீர்வு கிடைக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். டெலிகாம் புகார்களை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்க முடியுமா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்த்துவைத்தது. தாராளமாக விசாரிக்கலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பில். மாதாமாதம் கையில் காசு வாங்கிக்கொண்டு, சீட்டுகூடக் கொடுக்காமல் போகிறார் என்றால் நீங்கள் யாருடைய வாடிக்கையாளர் என்றே உங்களுக்குத் தெரியாது. லைசென்ஸ் பெற்ற எந்த இன்டர்நெட் நிறுவனத்தின் பெயரில் கனெக்‌ஷன் வருகிறது என்று கேட்டு, அந்தப் பெயரில் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள்.

தெருவில் எத்தனை ஒயர் இருக்கிறது?

நாட்டில் ஒயர் வழி பிராட்பேண்ட் வைத்திருப்பவர்கள் நாலு கோடிக்குச் சற்று மேல்தான். மொபைல் டேட்டாவில் இருப்பவர்களோ 90 கோடிக்கும் மேல். அதாவது பிடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கம்பெனிகள் ஏன் இப்படி முட்டி மோதுகின்றன என்று இதிலிருந்தே புரியும். ரிலையன்ஸ் 2018-ல் ஹாத்வே, டென் என்ற இரண்டு பெரிய கேபிள் நிறுவனங்களில் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக அறிவித்ததும் இந்தப் போட்டியின் ஒரு பகுதிதான். ‘கேபிளா, டெலிபோனா’ என்ற கேள்வியே மெள்ள மறைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே கைக்குள் வருகின்றன.

போட்டி இருக்கும்வரை நமக்கு லாபம். விலை இறங்கும், ஃபால்ட் என்றால் ஆள் ஓடிவருவார். ஒரே ஒயர் மிஞ்சினால்? அந்த நிலைமை ஏற்கெனவே சில இடங்களில் வந்துவிட்டது. பெரிய அப்பார்ட்மென்ட்டுகளில் பில்டரோ அசோசியேஷனோ ஒரே கம்பெனியோடு பேசி முடித்துவிடுவார்கள். வேறு யாரும் ஒயர் இழுக்க முடியாது. நெட் மோசம் என்றால் வீட்டைத்தான் மாற்ற வேண்டும்! இதைக் கவனித்த டிராய், கட்டடங்களை டிஜிட்டல் வசதி அடிப்படையில் மதிப்பிட்டு ரேட்டிங் தரும் விதிமுறைகளை 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஃபிளாட் பார்க்கப் போகும்போது தண்ணீர், பார்க்கிங் கேட்பதுபோல ‘எத்தனை கம்பெனி நெட் இழுக்க விடுவீங்க?’ என்பதையும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் இதை எழுப்பலாம்.

கிராமங்களில் பிரச்னை தலைகீழ். அங்கே ஒரு ஒயர் வருவதற்கே காத்திருப்பு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரில் இணைக்கும் பாரத்நெட் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டால், அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோக ஓர் உள்ளூர் ஆள் வேண்டும். அது பெரும்பாலும் அந்த ஊர் கேபிள்காரராகத்தான் இருக்க முடியும். டி.வி. சந்தா குறைந்து தொழிலை விடலாமா என்று யோசிக்கும் அந்த மனிதர், நெட் தொழிலில் நிலைப்பாரா என்பதில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் ஆன்லைன் கிளாஸும் அடங்கியிருக்கிறது.

ஆக, எதை எடுக்கலாம்?

* வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்களா? மோடம் வரை ஃபைபர், சமமான அப்லோடு, மோடத்துக்குச் சின்ன யு.பி.எஸ். பேக்கப்புக்கு வேறு கம்பெனியின் மொபைல் சிம். பிராட்பேண்டும் சிம்மும் ஒரே கம்பெனி என்றால், அங்கே ஏரியா ஃபால்ட் வரும் அன்று இரண்டும் சேர்ந்து படுக்க வாய்ப்பு உண்டு.

* வாடகை வீடு, அடிக்கடி மாறுவீர்களா? ஏர்ஃபைபர் அல்லது மாதக் கட்டணத்தில் லோக்கல் ஃபைபர். வருட பிளான் வேண்டாம்.

* டி.வி-யும் யூடியூபும் மட்டும்தானா? லோக்கல் கேபிள்காரரின் குறைந்த விலை பிளான் போதும். பில்லும் புகார் எண்ணும் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

* வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடா? எந்தக் கம்பெனியாக இருந்தாலும், கூப்பிட்டால் நேரில் வரும் ஆள் யார் என்று பார்த்து எடுங்கள். அவர் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டர் மேலேயே ஒட்டிவையுங்கள். மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் வெளியே இழை துண்டாகியிருக்கிறது, எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் வராது, உடனே போன் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

புதுக் கனெக்‌ஷன் நன்றாக ஓடினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் தெருவில் இன்னொரு ஆபரேட்டரும் இருக்கிறாரா, அவர் நம்பர் உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாறவே வேண்டியிருக்காது. ஆனால் மாற முடியும் என்பது உங்கள் கேபிள்காரருக்கும் கம்பெனிக்கும் தெரிந்திருந்தால், அடுத்த முறை ‘நெட் வரல’ என்று நீங்கள் கூப்பிடும்போது ஏணி கொஞ்சம் சீக்கிரம் வரும்!